வெனிஸ்காரனுக்கு மட்டும் ஏன் வரி இல்லை? (சிலுவைப்போர் நாடுகளின் வணிகப் பட்டயங்கள்)

பிப்ரவரி 3, இரவு

கேள்வி கேட்டவரின் வார்த்தையிலேயே: "ஜெருசலேம் ராஜாக்கள் இத்தாலிய வியாபாரிகளிடம் ஏமாந்து துறைமுகத்தையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரி கிடையாது, தனிக் கோர்ட், தனித் தெரு. கஜானா காலி, 1291-ல் நாடும் காலி. சரிதானே?"

பாதி சரி. ஏமாந்தார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏமாறுகிறவனுக்கு வேறு வழி ஒன்றாவது இருந்திருக்க வேண்டும். 1099-ல் ஐரோப்பாவிலிருந்து வந்து ஜெருசலேமைப் பிடித்த சிலுவைப்போர்க்காரர்களிடம் குதிரை இருந்தது, கப்பல் இல்லை. கடற்கரை ஊர்களில் முக்கால்வாசி இன்னும் எதிரி கையில். எகிப்திலிருந்து ஃபாத்திமியரின் கடற்படை எப்போது வேண்டுமானாலும் வரும். கப்பல் வைத்திருந்தவை ஜெனோவா, பீசா, வெனிஸ் என்ற இத்தாலிய ஊர்கள். கப்பல்காரன் கூலி கேட்பான். காசில்லாதவன் கூலிக்குப் பதில் எதைக் கொடுப்பான்? இன்னும் பிடிக்காத ஊரில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பான். 1100-லேயே, அப்போது ஜெருசலேமை ஆண்ட காட்ஃப்ரே வெனிஸுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்தார்: ஊருக்கு ஒரு தேவாலயம், கடை போட இடம், சேர்ந்து பிடிக்கும் ஊரில் மூன்றில் ஒன்று.

பிப்ரவரி 3, இன்னும் இரவுதான்

தூக்கம் வரவில்லை, முந்தைய உதாரணம் ஒன்று ஞாபகம் வந்தது. அந்தியோக்கியா, 1098 ஜூலை 14. ஊர் கைக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. சிலுவைப்போர்த் தலைவர்களில் ஒருவரான பொஹெமண்ட் ஜெனோவாக்காரர்களுக்குப் பட்டயம் எழுதுகிறார்: புனித யோவான் தேவாலயம், ஒரு சரக்குக் கிடங்கு, ஒரு கிணறு, முப்பது வீடு. ஊர் தன்னுடையதுதானா என்று அப்போது அவருக்கே நிச்சயம் கிடையாது. இன்னொரு தலைவரான துலூஸ் கோமான் ரேமண்ட் ஒரு பக்கம் உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறார்.

பதிலுக்கு ஜெனோவாக்காரர்கள் கொடுத்த வாக்கைப் பாருங்கள். யார் எதிர்த்து வந்தாலும் உங்கள் பக்கம் நிற்போம். ரேமண்ட் வந்தால் மட்டும் சமாதானம் பேசிப் பார்ப்போம், முடியாவிட்டால் இரண்டு பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்போம். முப்பது வீட்டுக்கு இவ்வளவுதான் விசுவாசம். வந்து நிற்கப்போவது அந்த ஒரு ஆள்தான் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

பிப்ரவரி 5

முக்கியமான பட்டயத்துக்கு வருகிறேன். 1123. இரண்டாம் பால்ட்வின் மன்னர் பலக் என்ற துருக்கியத் தலைவனிடம் கைதி. மன்னர் சிறையில் இருப்பதால் பேரம் பேசியவர் ஜெருசலேம் மறைத்தந்தை, அதாவது அங்கே திருச்சபையின் தலைவர், வார்முண்ட். எதிரே வெனிஸின் டோஜே, அதாவது ஆட்சித் தலைவர், தொமெனிகோ மிக்கியேல், அவரோடு பெரிய கப்பற்படை. அந்தப் படை வரும் வழியிலேயே பைசாந்தியரின் கோர்ஃபு தீவை முற்றுகையிட்டுவிட்டு வந்தது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் யோவான் தன் அப்பா வெனிஸுக்குக் கொடுத்த வணிகச் சலுகையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார், அந்தக் கோபம். வந்ததும் அஸ்கலான் பக்கம் எகிப்தியக் கடற்படையை அடித்து நொறுக்கியது. அதற்குப் பிறகுதான் பேரம்.

கிடைத்தது என்ன? ராஜ்யத்தில் ராஜா வசமுள்ள ஊர், பிரபுக்கள் வசமுள்ள ஊர் எதுவானாலும் ஒரு தேவாலயம், ஒரு தெரு, ஒரு சதுக்கம், ஒரு குளியல்கூடம், ஒரு ரொட்டி அடுப்பு. பரம்பரைக்கும் இறையிலியாக, ராஜாவின் சொந்தச் சொத்தைப் போல. இன்னும் பிடிக்காத தீர் (Tyre), அஸ்கலான் என்ற கடற்கரை ஊர்கள் விழுந்தால் இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கு. தீரின் சந்தை வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் 300 சரசேனிய பெசன்ட் பொற்காசு, பேதுரு பவுல் திருநாளன்று, அதாவது ஜூன் 29. இனி யார் ராஜாவானாலும் முடி சூடுமுன் இதைக் காப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவனை ராஜாவாக்கச் சம்மதிக்க மாட்டோம் என்று மறைத்தந்தையும் பிரபுக்களும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இல்லாத ராஜாவின் தலையில் எவ்வளவு சுமை ஏற்ற முடியுமோ அவ்வளவும்.

ரொட்டி அடுப்பைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு: அடுப்பு, ஆலை, குளியல்கூடம் மூன்றும் அப்போது வருமானம். ஊர்க்காரன் மாவு அரைக்கவும் ரொட்டி சுடவும் குளிக்கவும் அதன் உரிமையாளனுக்குக் காசு கொடுக்க வேண்டும். ஆக்கர் என்ற துறைமுக ஊரில் தங்கள் தெருவில் வெனிஸ்காரர்கள் அடுப்பு வைத்தால் அங்கே குடியிருப்பவர்களில் விரும்பியவர் தடையில்லாமல் வந்து சுட்டுக்கொள்ளலாம் என்று பட்டயம் சொல்கிறது. ராஜாவின் அடுப்புக்குப் போட்டிக் கடை.

பிப்ரவரி 6

தராசுக்குத் தனிக் குறிப்பு வேண்டும், இது என் தொழில்.

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினேழு வருஷம் இருந்தேன். முந்திரிக்கொட்டை மூட்டை வரும். வெளியே ஒரு எடைமேடை, உள்ளே ஒரு எடைமேடை. ஒரே லாரி, ஒரே சரக்கு, நடுவில் ஒரு டீக்கடை தூரம். ஒருநாள் 180 கிலோ வித்தியாசம். வெளி மேடைக்காரன் "ஈரம் காஞ்சிருக்கும் சார்" என்றான். நூறடி தூரத்தில் காய்ந்துவிட்டது. அந்த 180 கிலோ எங்கே என்று முதலாளி கேட்டது மேடைக்காரனை இல்லை, என்னை. அன்றைக்குப் பிறகு எந்த ஒப்பந்தம் கையில் வந்தாலும் விலையைப் பார்க்குமுன் எந்த மேடையில் எடை என்ற வரியைத் தேடுவேன்.

1123 பட்டயத்தில் அந்த வரி இருக்கிறது. வெனிஸ்காரனுக்கு வெனிஸ்காரன் விற்றால் வெனிஸ் தராசு, வெனிஸ் மரக்கால். வெனிஸ்காரன் வெளியாளுக்கு விற்றாலும் வெனிஸ் அளவைதான். வெளியாளிடம் வெனிஸ்காரன் வாங்கினால் ராஜாவின் அளவை, காசு கொடுத்து. மது, எண்ணெய், தேன் அளக்கும் பாத்திரம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்.

விற்கும்போது என் தராசு! எங்கள் வெளி மேடைக்காரன் படித்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான்.

பிப்ரவரி 6, சாயங்காலம்

மேலே எழுதியது கொஞ்சம் அவசரம். தராசு என்றதும் எனக்குத் திருட்டு ஞாபகம் வருகிறது, அது என் காயம். அந்தக் காலத்தில் அளவையில் கிடைத்த காசு, அளந்து கொடுப்பதற்கு வாங்கும் கூலிதான். எவன் தராசோ அவனுக்குக் கூலி. அப்படிப் படித்தால் இது பங்கு பிரிப்பு: நீ விற்பதில் அளவுக் கூலி உனக்கு, வெளியாள் உனக்கு விற்பதில் எனக்கு. "காசு கொடுத்து" என்ற இடத்தைச் சரக்கின் விலை என்றும் படிக்கலாம், அளவுக் கூலி என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் இயல்பாகப் படுகிறது. எப்படிப் படித்தாலும் ராஜாவின் தராசு சந்தையை விட்டுப் போகவில்லை.

பிப்ரவரி 9

"வரி கிடையாது" என்று கேள்வியில் இருந்ததை நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். வரி உண்டு. நுழைய, தங்க, வாங்க, விற்க, வெளியேற எதற்கும் வெனிஸ்காரன் ஒன்றும் தர வேண்டாம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு "தவிர": கப்பலில் யாத்ரிகர்களை ஏற்றி வந்தாலோ ஏற்றிப் போனாலோ, வழக்கப்படி மூன்றில் ஒரு பங்கு ராஜாவுக்கு.

அந்த நாட்டில் ஓயாமல் வந்து போகும் சரக்கு யாத்ரிகன்தான். அதை மறைத்தந்தை விட்டுக்கொடுக்கவில்லை. இவரையா ஏமாளி என்கிறீர்கள்?

இதைவிட நுணுக்கமான வரி ஒன்று உண்டு. முதல் தடவை படித்தபோது தாண்டிப் போய்விட்டேன். உங்களோடு வியாபாரம் செய்கிறவர்களிடம், வழக்கமாக அவர்கள் தருவதையும் மற்றவர்களோடு வியாபாரம் செய்கிறவர்களிடம் நாங்கள் வாங்குவதையும் தாண்டி வாங்க மாட்டோம். நின்று யோசியுங்கள். ஒரு விற்பனையில் இரண்டு பேர். வெனிஸ்காரனுக்கு வரி இல்லை. எதிரே நிற்கும் டமாஸ்கஸ் வியாபாரிக்கோ சிரியக் கிறிஸ்தவனுக்கோ யூதனுக்கோ உண்டு. ராஜா இந்தப் பக்கம் இழந்ததை அந்தப் பக்கத்துத் தலையில் ஏற்றிவிடலாம். ஏற்றினால் அந்த ஆள் வெனிஸ்காரன் கடைக்கே வரமாட்டான், விலக்கு காகிதத்தோடு போய்விடும். வெனிஸ்காரனுக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது, அதனால் அந்த ஓட்டையையும் அடைக்கச் சொல்லி எழுதி வாங்கியிருக்கிறான். இதை எழுதிய குமாஸ்தா யாராக இருந்தாலும் சுங்கச் சாவடியில் உட்கார்ந்து பழகியவன்.

ஆக, விலக்கு ஆளுக்குத்தான், வியாபாரத்துக்கு இல்லை. வழக்கமான வரி எதிராளியிடமிருந்து வந்துகொண்டேதான் இருந்தது. வெனிஸ்காரன் எவ்வளவு சரக்கு எடுக்கிறானோ அவ்வளவு எதிராளிகள். கஜானா காலி என்ற கதையை இந்த இடத்தில்தான் நான் நம்ப மறுக்கிறேன்.

பிப்ரவரி 10

தீரா அஸ்கலானா, முதலில் எது என்று எப்படி முடிவு செய்தார்கள் என ஒருவர் கேட்டிருந்தார். திருவுளச்சீட்டு. ஜெருசலேம் பக்கத்துப் பிரபுக்களுக்கு அஸ்கலான் வேண்டும், வடக்குக் கரைக்காரர்களுக்குத் தீர் வேண்டும். சண்டை முற்றவே இரண்டு சீட்டைப் பலிபீடத்தில் வைத்து ஒரு அநாதைப் பையனை எடுக்கச் சொன்னார்கள். தீர் வந்தது. முற்றுகை 1124 பிப்ரவரியில் தொடங்கி ஜூலை 7-ல் முடிந்தது. அஸ்கலான் விழ 1153 ஆயிற்று.

வெனிஸின் மூன்றில் ஒரு பங்கு எந்த ஊரில் உண்மையாகும் என்பதை ஒரு குழந்தையின் கை தீர்மானித்திருக்கிறது. இதைச் சொல்பவர் வில்லியம். 1175 முதல் அதே தீர் நகரத்தின் பேராயர். பட்டயத்தின் வாசகம் முழுவதையும் தன் வரலாற்றில் எடுத்து எழுதி வைத்தவரும் அவரே.

பிப்ரவரி 14

"தனிக் கோர்ட்" பற்றி. வெனிஸ்காரனுக்கும் வெனிஸ்காரனுக்கும் வழக்கென்றால் வெனிஸ் நீதிமன்றம். வெளியாள் வெனிஸ்காரன் மேல் வழக்குப் போட்டாலும் அங்கேதான். வெனிஸ்காரன் வெளியாள் மேல் போட்டால் ராஜாவின் நீதிமன்றம். பிரதிவாதி எவனோ அவன் வீட்டு வாசலுக்கு வாதி போக வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கடன் கொடுத்த சிரியாக்காரன் வெனிஸ் நீதிபதி முன் நின்று, தனக்குப் புரியாத மொழியில் பணத்தைக் கேட்பதையும் கற்பனை செய்து பாருங்கள்.

இன்னும் ஒரு படி மேலே: வெனிஸ் தெருவில் குடியிருப்பவன் எந்த இனத்தானானாலும், ராஜாவுக்குத் தன் குடிகள் மேல் இருக்கும் அதிகாரம் அவன் மேல் வெனிஸுக்கு. வீடு மாறினால் நீதிபதி மாறுவார்.

எனக்குப் பிடித்தது மரணச் சரத்து. உயில் எழுதியோ எழுதாமலோ ஒரு வெனிஸ்காரன் செத்தால் அவன் சொத்து வெனிஸ்காரர் கைக்கே போக வேண்டும். உயிலில்லாமல் என்பதற்கு வாசகத்தில் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள்: "நாங்கள் நாக்கில்லாமல் என்கிறோமே, அது." நாக்கில்லாமல் செத்தவன்! சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் போனவன். வறண்ட சட்ட வாசகத்தின் நடுவே யாரோ பேச்சுவழக்கில் தொண்டையைச் செருமுகிற மாதிரி இருக்கிறது.

கப்பல் உடைந்தால்? பொருள் அவனுக்கே, அவனும் செத்தால் வாரிசுக்கோ மற்ற வெனிஸ்காரர்களுக்கோ. கரை ஒதுங்கியது கரைக்குச் சொந்தக்காரனுக்கே என்ற வழக்கம் இருந்த காலத்தில் இது பெரிய விஷயம். கரையில் நிற்கிறவனுக்குப் புயலே ஒரு வருமானம்.

பிப்ரவரி 15

ராஜாவின் நீதிமன்றத்தில் பிராங்கியர், அதாவது ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள், மட்டும்தானா என்று கேட்கிறார்கள். இல்லை, ராஜாவின் சந்தை நீதிமன்றம் வெறும் பிராங்கியர் சபை இல்லை. அங்கே ஆறு நடுவர்கள்: நாலு பேர் சிரியர், இரண்டு பேர் பிராங்கியர். யூதன் தோராவின் மேல், முஸ்லிம் குர்ஆன் மேல், சமாரியன் தன் ஐந்து நூல்களின் மேல் சத்தியம் செய்யலாம். வெனிஸ்காரன் இதற்கு வெளியே போக விரும்பியது ஏன் என்று இப்போது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றுகிறது. உள்ளூர் ஆள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வெளியூர்க்காரனுக்கு வயிறு கலங்கும்தானே.

பிப்ரவரி 21

"எழுதியதை எவன் மதித்தான்?" நல்ல கேள்வி.

பால்ட்வின் 1124-ல் விடுதலையாகி வந்தார். 1125-ல் பட்டயத்தை உறுதி செய்தார், ஆனால் சும்மா கையெழுத்துப் போடவில்லை. தீரில் மூன்றில் ஒரு பங்கு அனுபவிக்கிறவர்கள் அந்த வருமானத்துக்குத் தக்கபடி தீரின் பாதுகாப்புக்கும் ஆள் தர வேண்டும் என்று சேர்த்தார். இல்லாதபோது தலையில் ஏற்றிய சுமையில் கொஞ்சத்தை இறக்கி அவர்கள் தலையிலேயே வைத்தார்.

ஜெனோவா கதை இன்னும் ருசி. 1104-ல் ஆக்கரைப் பிடிக்க உதவியதற்காக முதலாம் பால்ட்வின் கொடுத்த சலுகைகளைத் திருக்கல்லறை தேவாலயத்தில் பொன்னெழுத்தில் பொறித்திருந்ததாக ஜெனோவாக்காரர்கள் சொன்னார்கள். பிறகு அமல்ரிக் மன்னர் அதை அகற்றிவிட்டார் என்று போப்பிடம் புகார். மூன்றாம் அலெக்சாந்தர் திரும்ப வைக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார், பின்னால் மூன்றாம் உர்பனும் எழுதினார். யோசித்துப் பாருங்கள், கிறிஸ்துவின் கல்லறைக்குப் பக்கத்தில் வரிவிலக்கு அறிவிப்பு. நம்ம ஊர் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அந்தக் கல்வெட்டு நிஜமாகவே இருந்ததா? 1970-களில் ஹான்ஸ் எபர்ஹார்ட் மாயர், மரீ-லூயிஸ் ஃபாவ்ரோ என்ற வரலாற்றாசிரியர்கள் போலி என்றார்கள். 1980-களில் இன்னொரு வரலாற்றாசிரியர் பெஞ்சமின் கேதார், இல்லை, உண்மைதான் என்று பதில் எழுதினார். நான் கேதார் பக்கம் சாய்கிறேன், ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

பிப்ரவரி 22

போலி என்றதும் ஞாபகம் வருவது பிரான்ஸின் துறைமுக ஊர் மர்சேய். அந்த ஊர்க்காரர்கள் 12-ஆம் நூற்றாண்டு ஜெருசலேம் மன்னர்கள் பெயரில் வைத்திருந்த பட்டயங்களில் பல 13-ஆம் நூற்றாண்டில் ஆக்கரில் தயாரானவை என்று அதே மாயர் காட்டினார். ஆக்கரில் இதற்கென ஒரு பட்டறையே இருந்திருக்கிறது. பத்திர ஆபீஸ் வாசலில் பழைய முத்திரைத்தாள் விற்கும் ஆளைப் பார்த்திருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும். மதிப்பில்லாத காகிதத்தை யாரும் போலி செய்வதில்லை. நேற்றைய கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

மார்ச் 1

கொஞ்சம் விலகிப் போகிறேன். 1184-ல் கிரனாடாவிலிருந்து மெக்கா போய்த் திரும்பிய முஸ்லிம் பயணி இப்னு ஜுபைர் ஆக்கர் சுங்கச் சாவடியைப் பார்த்து எழுதியிருக்கிறார். வாசலில் கம்பளம் விரித்த கல் திண்ணைகள், அதில் கிறிஸ்தவ குமாஸ்தாக்கள், பொன் வேலைப்பாடு செய்த கருங்காலி மைக்கூடு. எழுதுவது அரபியில், பேசுவதும் அரபியில். தலைமை அதிகாரி சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். சரக்கு இல்லாதவர்களின் மூட்டையையும் சோதித்தார்கள், ஆனால் மரியாதையாக, சத்தம் போடாமல்.

பதினேழு வருஷத்தில் எனக்கு யாரும் கம்பளம் விரிக்கவில்லை. கருங்காலியும் இல்லை, பால்பாயிண்ட் பேனாவைக்கூட நூலில் கட்டி வைத்திருப்பார்கள்.

வெனிஸ்காரன் விலக்குப் பெற்றது இந்தத் திண்ணையிலிருந்துதான். இப்னு ஜுபைரின் கூட வந்த வியாபாரிகள் அதில் வரிசையில் நின்றார்கள். விலக்கின் அர்த்தம் எனக்கு அந்தக் காட்சியில்தான் உறைத்தது.

மார்ச் 4

இங்கே ஒருவர், வெனிஸில் சான் மார்கோ தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சித்திர வேலைத் தூண்கள் ஆக்கரில் ஜெனோவாக்காரர்களிடமிருந்து பிடுங்கியவை என்று படம் போட்டிருந்தார். நானும் "ஆமாம், 1258" என்று பதில் எழுதிவிட்டேன். தப்பு. பெயர்தான் "ஆக்கர் தூண்கள்". 1960-களில் இஸ்தான்புல்லில் தோண்டியபோது புனித பொலியூக்டஸ் தேவாலயத்தின் இடிபாட்டில் அதே வேலைப்பாடு கிடைத்தது. தூண்கள் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து, அதாவது அந்த இஸ்தான்புல்லிலிருந்தே வந்தவை. கொள்ளை என்பது சரி, ஊர்தான் வேறு. என் பதிலை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

மார்ச் 11

1258 என்று நான் சொன்னது புனித சபாஸ் போர். ஆக்கரில் வெனிஸ் குடியிருப்புக்கும் ஜெனோவா குடியிருப்புக்கும் நடுவே புனித சபாஸ் மடத்துக்குச் சொந்தமான இடம். 1256-ல் அதற்காகத் தொடங்கிய சண்டையில் பீசா, பிரபுக்கள், வீரத்துறவி சபைகள் என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. 1258 ஜூனில் கடலில் ஜெனோவா தோற்றது. அவர்கள் தீருக்குப் போனார்கள். அங்கிருந்த வெனிஸ்காரர்களைத் தீரின் பிரபு ஃபிலிப் வெளியேற்றியிருந்தார்.

எந்தத் தீர்? அநாதைப் பையன் சீட்டெடுத்த தீர், மூன்றில் ஒரு பங்கு பரம்பரைக்கும் என்று எழுதிய தீர்.

இங்கே கேள்வி கேட்டவருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். வருமானத்தைப் பொறுத்தவரை ராஜாக்கள் ஏமாறவில்லை என்றேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரே ஊரில் மூன்று தெருவுக்கு மூன்று நீதிமன்றம் வைத்துவிட்டு, தெருக்கள் ஒன்றோடொன்று மோதும்போது தீர்க்க மேலே ஒரு கை இல்லாமல் போனதே, அது நிஜமான இழப்பு. பிப்ரவரி 14-ல் நான் ரசித்து எழுதிய "வீடு மாறினால் நீதிபதி மாறுவார்" இங்கே வந்து கடிக்கிறது.

மார்ச் 12

தீரில் அதற்கு முன்பே கசப்பு இருந்தது. 1240-களில் வெனிஸின் பிரதிநிதி மார்சிலியோ சோர்சி வெனிஸுக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். வீடு வீடாக, நிலம் நிலமாக எது நம்முடையது, எதை யார் எடுத்துக்கொண்டான் என்ற பட்டியல். பட்டயம் எழுதி நூற்றிருபது வருஷம் ஆகியும் ஒருவர் உட்கார்ந்து வீட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

மார்ச் 19

கடைசியாக வந்த கேள்வி: 1291 மே 18-ல் ஆக்கர் விழுந்த பிறகு பட்டயங்கள் என்னவாயின? வெனிஸில் படி எடுத்து வைத்திருந்தார்கள், அதனால்தான் நாம் படிக்கிறோம். வியாபாரமா? அலெக்சாந்திரியாவில் வெனிஸ்காரனுக்கு ஃபுந்துக், அதாவது தங்கும் அறையும் கிடங்கும் சேர்ந்த கட்டடம், ஆக்கர் விழ வெகுகாலம் முன்பே இருந்தது. எகிப்து சுல்தான்களிடம் 13-ஆம் நூற்றாண்டில் வாங்கிய ஒப்பந்தங்களில் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள்: எங்கள் வழக்கை எங்கள் ஆள் விசாரிப்பான், கப்பல் உடைந்தால் சரக்கு எங்களுக்கு, எங்கள் ஆள் செத்தால் சொத்து எங்களுக்கு.

தேவாலயமும் கேட்டார்கள். குளியல்கூடமும்.